'ஆம்' என்ற தீர்ப்பும் 'சந்தேகம்' என்ற சொல்லும்

நடராஜா ரவிராஜ் கொலை வழக்கின் தீர்ப்பு 2016 டிசம்பர் 24 அதிகாலையில் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் வெளியானது. சிங்கள மொழி பேசும் விசேட யூரி சபை எதிரிகள் ஐவரையும் விடுவித்தது. அன்றிலிருந்து எமது சந்திப்புகளில் யூரி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களையே கேட்கிறேன். 'யூரி முறை இனவாதத்தின் கருவி, அதை ஒழித்துவிட வேண்டும்' என்பது ஒன்று. 'டென்மார்க்கைப் பாருங்கள், சாதாரண சனங்களே நீதி வழங்குகிறார்கள், பழுது எங்கள் நாட்டில்தான்' என்பது மற்றது. இரண்டு குரல்களும் யூரி வாங்கில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டுமே கேட்கின்றன. இருப்பவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது, அப்படிச் சொல்லப்பட்டதைப் பிறகு யாராவது கேள்விக்குள்ளாக்க முடியுமா என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை. என் விமர்சனம் அங்கிருந்து தொடங்குகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் யூட்லண்டின் ஒரு நகரத்தில் நடந்த கத்திக்குத்து வழக்கொன்றில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். குற்றஞ்சாட்டப்பட்டவன் எமது இளைஞன். இரு தரப்பு வாதங்களும் முடிந்தபின் தலைமை நீதிபதி யூரிமார் பன்னிருவரையும் நோக்கித் திரும்பி நீண்ட நேரம் பேசினார். வழக்கில் எந்தச் சட்டம் பொருந்தும், எதை யார் நிரூபிக்க வேண்டும், எப்போது குற்றவாளி என்று சொல்லக் கூடாது என்பதை விளக்கும் இந்த உரைக்கு டெனிஷ் மொழியில் 'ரெட்ஸ்பெலேறிங்' என்று பெயர். சட்டவிளக்கம் என்று நாம் சொல்லலாம்.

நான் அந்த இளைஞனின் காதுக்குள் மெதுவாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நியாயமான 'ட்விவ்ல்' இருந்தால் அதன் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே சேரவேண்டும் என்றார் நீதிபதி. 'சந்தேகம்' என்று சொன்னேன். சற்றுப் பொறுத்து, வெறும் 'மிஸ்டாங்க' ஒருவரைத் தண்டிக்கப் போதாது என்றார். அதற்கும் என் வாயில் வந்தது 'சந்தேகம்' என்ற அதே சொல்தான். அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணை, என்னிலை சந்தேகம் இருக்கெண்டுதானே அவர் திருப்பித் திருப்பிச் சொல்லுறார்? பிறகென்ன, முடிஞ்சுது" என்றான்.

டெனிஷ் மொழியில் இவை ஒன்றுக்கொன்று எதிரான இரு சொற்கள். ஒன்று ஒருவனை விடுவிப்பது, மற்றது ஒருவனைப் பிடிப்பது. எமது பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். பொலிஸ் பிடிப்பவன் 'சந்தேக நபர்', நீதிமன்றம் விடுவிப்பதோ 'சந்தேகத்தின் பலனை' அளித்து. போதாக்குறைக்கு, எமது ஊர் நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பெயரே 'எதிரி'. 'ஐயம்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது. ஆனால் நான் காதுக்குள் சொன்னது எங்கும் பதிவாகவில்லை, எவரும் அதைத் திருத்தவும் முடியாது.

யூரி அவனைக் குற்றவாளி என்றது. "அவன் சொன்னதை நம்பினவை, நான் சொன்னதை ஏன் நம்பேல்லை? எங்கை எழுதியிருக்கு?" என்று கேட்டான். எங்கும் எழுதியிருக்கவில்லை. மேன்முறையீடு செய்யலாமா என்றான். சாட்சியத்தை யூரி தவறாக எடைபோட்டது என்று மேன்முறையீடு செய்ய முடியாது என்றார் வழக்கறிஞர்.

'மக்களே நீதி வழங்குகிறார்கள்' என்று மெச்சும் நண்பர்கள் இந்த முறை எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1849 அரசியலமைப்பு வாக்களித்த யூரியை டென்மார்க் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 1919இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் 2007 முடியும்வரை பாரிய குற்றவழக்குகள் மேல் நீதிமன்றத்திலேயே தொடங்கின. மூன்று நீதிபதிகள், பன்னிரண்டு யூரிமார். யூரியிடம் எழுத்தில் கேள்விகள் கொடுக்கப்படும். அவர்கள் தனியறையில் கூடி, 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற பதிலோடு வெளியே வருவார்கள். குற்றவாளியென்று காண எட்டு வாக்குகள் வேண்டும். காரணம் சொல்லும் கடமை கிடையாது. சாட்சியம் போதாது என்று கருதினால் அத்தீர்ப்பை ஏற்க மறுக்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கு இருந்தது. அவர்கள் அப்படிக் கருதாவிட்டால் குற்றம் பற்றிய கேள்வி அத்துடன் முடிந்தது.

அதியுயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் நடைமுறையில் பிழை, சட்டத்தைப் பிரயோகித்ததில் பிழை, தண்டனையின் அளவு என்ற வாசல்கள்தான் திறந்திருந்தன. யூரி ஏன் அப்படி முடிவெடுத்தது என்பதை அறிய வழியில்லாதபோது சட்டப் பிழையை எங்கே தேடுவது? கேள்விகளின் வாசகத்திலும் நீதிபதியின் சட்டவிளக்கத்திலும்தான். அந்த விளக்கத்தில் ஒரு பகுதி பிழையென்று வழக்கறிஞர் கருதினால் அந்தச் சொற்களைப் பதிவேட்டில் எழுதும்படி கேட்கலாம். அப்போது அவர் உறங்கிவிட்டால், பிறகு சுட்டிக்காட்ட எதுவும் எஞ்சாது. முழு வழக்கிலும் பகுத்தறிவின் மொழியில் பகிரங்கமாகப் பேசப்பட்டதும், பின்னர் பகிரங்கமாக மறுக்கப்படக்கூடியதும் இந்த ஓர் உரைதான். மிச்சமெல்லாம் ஓரெழுத்துக் குறையாத மௌனம்.

இந்த மௌனத்தின் விலையைக் காட்டும் வழக்கொன்று டென்மார்க்கில் பிரசித்தம். 1951 மார்ச் 29 அன்று பாலே ஹார்ட்ரூப் என்பவர் கோப்பன்ஹேகன் நோறப்றோ வீதியிலுள்ள வங்கியொன்றைக் கொள்ளையிட முயன்று இரு வங்கி ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார். அவரோடு முன்பு சிறையில் இருந்த பியோர்ன் ஷோ நீல்சன் என்பவரே அவரை ஹிப்னாட்டிச வசியத்தில் வைத்து இதைச் செய்வித்தார் என்பது வழக்கு. நீல்சன் சம்பவ இடத்தில் இருக்கவில்லை. பல்வகைச் செல்வாக்குகளால், ஹிப்னாட்டிசத் தன்மையான தூண்டுதல்களும் உட்பட, அவர் இதைத் திட்டமிட்டுச் செய்வித்தாரா என்பதே யூரியிடம் போன கேள்வி. 1954 ஜூலையில் யூரி 'ஆம்' என்றது. நீல்சனுக்கு ஆயுள் தண்டனை.

அந்த 'உட்பட' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஹிப்னாட்டிசத்தை நம்பிய யூரியும், அதை நம்பாமல் சாதாரண வற்புறுத்தலை மட்டும் நம்பிய யூரியும் ஒரே 'ஆம்' சொல்லலாம். எதற்காகத் தான் தண்டிக்கப்பட்டேன் என்பதை ஆயுள் கைதி அறிய முடியாது. அதியுயர் நீதிமன்றம் 1955இல் தீர்ப்பை உறுதிசெய்தது. நீல்சன் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் போனார். ஐரோப்பிய மனித உரிமை ஆணைக்குழு ஆழமாக ஆராய்ந்த ஆரம்பகாலத் தனிநபர் முறைப்பாடுகளில் இது ஒன்று. 1961இல் மீறல் இல்லை என்று முடிந்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பது என் வாதமல்ல. அவருக்கு எதிராக எழுதப்பட்ட காரணம் ஒன்று இருந்திருந்தால், அவரும் நாமும் அதனோடு வாதிட்டிருக்க முடியும் என்பதே என் வாதம்.

எமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு றெஃபிக் ஷாறிச்சுடையது. பொஸ்னிய முஸ்லிம், டென்மார்க்கில் அகதி. 1993இல் குறோவசியப் படையினரின் ட்றெத்தெல் முகாமில் கைதிகளைச் சித்திரவதை செய்தார் என்று, 1994 நவம்பரில் கிழக்கு மேல் நீதிமன்றத்தில் யூரி அவரைக் குற்றவாளியாகக் கண்டது. எட்டு ஆண்டுச் சிறை. 1995 ஆகஸ்டில் அதியுயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. யூரி காரணம் சொல்லவில்லை என்று அவர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் முறையிட்டார். மக்கள் யூரி காரணம் சொல்லாதது மட்டுமே நீதியான விசாரணைக்கு முரணாகாது என்று 1999 பெப்ரவரியில் நீதிமன்றம் முறைப்பாட்டைத் தள்ளியது.

சித்திரவதையாளனுக்கு ஏன் வக்காலத்து என்று கேட்கக்கூடும். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு முகாமில் நடந்தது என்ன, யாருடைய சாட்சியம் நம்பப்பட்டது என்பது எழுத்தில் வருவதற்கு அவர்களுக்கும் உரிமை இல்லையா? காரணமற்ற தீர்ப்பு எதிரியிடமிருந்து மட்டும் எதையோ பறிப்பதில்லை. பாதிக்கப்பட்டவரின் வரலாற்றையும் அது பறிக்கிறது. ரவிராஜ் வழக்கின் விடுதலைத் தீர்ப்பில் எமக்கு வலிப்பதும் இதுவே அல்லவா?

2010 நவம்பரில், பெல்ஜியம் சம்பந்தப்பட்ட டக்சே வழக்கில், ஸ்ட்ராஸ்பூர்க்கின் பெரும் அமர்வு இன்னும் ஒரு படி போனது. காரணம் சொல்லாத யூரியை அது தடைசெய்யவில்லை. ஆனால் தான் ஏன் தண்டிக்கப்பட்டேன் என்பதை எதிரி விளங்கிக்கொள்ளப் போதிய பாதுகாப்புகள் வேண்டும் என்றது. அப்பாதுகாப்புகளுக்கு அது தந்த உதாரணங்கள்: நீதிபதி யூரிக்கு அளிக்கும் வழிகாட்டல், துல்லியமான கேள்விகள், மேன்முறையீட்டு வழிகள். பெல்ஜியம் தோற்றது.

டென்மார்க் அதற்கு முன்பே மாறிவிட்டது. 2008 ஜனவரி 1 முதல் யூரி வழக்குகள் நகர நீதிமன்றத்தில் தொடங்குகின்றன. ஆறு யூரிமாரும் மூன்று நீதிபதிகளும் ஒன்றாகவே கூடி ஆராய்கிறார்கள். குற்றவாளியென்று காண யூரிமாரில் நால்வரும் நீதிபதிகளில் இருவரும் உடன்பட வேண்டும். தீர்ப்புக்குக் காரணம் எழுதப்படுகிறது. மேல் நீதிமன்றத்தில் ஒன்பது யூரிமாரும் மூன்று நீதிபதிகளும் குற்றம் பற்றிய கேள்வியையே மீண்டும் முழுமையாக ஆராயலாம். அன்று அந்த இளைஞன் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இன்று பதில் உண்டு. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பாராட்டோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. முன்பு யூரியின் அறைக்குள் நீதிபதி போகவில்லை. அவர் சொல்ல வேண்டியதை எதிரியின் முன்னால் சொல்லவேண்டியிருந்தது. இன்று அவர் அந்த மூடிய அறைக்குள் யூரிமாருடன் இருக்கிறார். அங்கே அவர் சொல்லும் ஒரு வார்த்தை யூரியைத் திருப்பிவிட்டாலும், அதை மறுக்க எவருக்கும் வாய்ப்பில்லை. எழுதப்பட்ட காரணம் அந்த இழப்பை எவ்வளவு ஈடுசெய்கிறது என்பதை நாம் தொடர்ந்து கேட்கவேண்டும். இன்னொன்று: யூரியாக இருக்க டெனிஷ் பிரசாவுரிமை வேண்டும். குடியுரிமை இல்லாத அகதி எதிரிக் கூண்டில் இருக்கலாம், என்னைப்போல் மொழிபெயர்ப்பாளர் கதிரையில் இருக்கலாம், யூரி வாங்கில் இருக்க முடியாது. தனக்கு நிகரானவர்கள் இல்லாத சபையின் முன் நிற்பவனுக்கு, அந்தச் சபைக்குச் சொல்லப்படும் சொற்கள் இரட்டிப்பு முக்கியம்.

இனி எமது நாடு. யூரிக்கு என்ன சொல்லப்பட வேண்டும் என்ற வழக்குகள் எமக்குப் புதியவையல்ல. கொலைக் குற்றத்துக்குத் தற்காப்பை எதிர்வாதமாக வைப்பவர் அதைத் தானே நிரூபிக்க வேண்டும் என்று யூரிக்குச் சொன்னது சரியா என்ற கேள்வி, ஜயசேன வழக்கில் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. இங்கிலாந்தில் 1935இன் வுல்மிங்டன் தீர்ப்புக்குப் பிறகு எதிரி நியாயமான ஐயத்தை எழுப்பினாலே போதும். இலங்கைச் சாட்சியச் சட்டத்தின்படி அது போதாது, அவர் நிரூபிக்கவே வேண்டும் என்றது பிரிவிக் கவுன்சில். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ யூரியையே அகற்றியது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் பலவந்தமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பாரத்தையும் கைதியின் தோளில் ஏற்றியது. 'யூரியை ஒழிப்போம்' என்னும் நண்பர்கள், யூரி இல்லாமல் எமது பிள்ளைகள் எப்படி விசாரிக்கப்பட்டார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

கடைசியாக எம்மைப் பற்றி. 'துரோகி' என்று எத்தனை பேரை நாம் தீர்த்திருக்கிறோம்! அங்கே குற்றப்பத்திரிகை இல்லை, கேள்வி இல்லை, விளக்கவுரை இல்லை. சந்தேகம் மட்டும் இருந்தது, அதுவும் பிடிக்கும் சந்தேகம். விடுவிக்கும் ஐயம் எவர் வாயிலும் வரவில்லை. மின்கம்பத்தில் தொங்கிய மட்டையில் எழுதியிருந்த சில சொற்களே தீர்ப்பு, மேன்முறையீட்டுக்கு ஆளே மிஞ்சவில்லை. அரசின் நீதிமன்றத்திடம் காரணம் கேட்கும் உரிமையை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அதே காரணத்தை அந்தக் கம்பங்களின் அடியிலும் கேட்காதவரை, எமது கேள்விக்குப் பாதி நாக்குத்தான்.