ஓரங்கட்டு

1

'ஓரங்கட்டு' என்கிற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. ரோட்டில் போலீஸ்காரர் லத்தியை நீட்டிச் சொன்னால் வண்டியை ஓரமாக நிறுத்து என்று பொருள். கட்சியிலோ ஆபீசிலோ ஒருவரை ஓரங்கட்டிவிட்டார்கள் என்றால் அவரை ஆளே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள் என்று பொருள். 1990களின் சிறுபத்திரிகைகள் 'விளிம்புநிலை' என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்தன. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதியெழுதி அந்தச் சொல் தேய்ந்துபோய், விளிம்பு என்பது ஏற்கனவே அங்கே இருக்கிற ஓர் இடம், அதில் சிலர் குடியிருக்கிறார்கள் என்பதுபோல் ஆகிவிட்டது. 'ஓரங்கட்டு' அப்படியல்ல. அது வினை, அதிலும் ஏவல் வினை. சொல்வதற்கு ஒருவர் வேண்டும், கேட்டுச் செய்வதற்கு இன்னொருவர் வேண்டும்.

போன மார்கழியில் ஒரு புத்தக விமர்சனக் கூட்டம் முடிந்து ராத்திரி 11.30 மணிக்கு டூவீலரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். லைட் எரிந்தது. குடித்திருக்கவில்லை. இந்தப் பட்டியலை ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரும் கேட்பதற்கு முன்பே என் தரப்பை நிரூபிக்க ஆரம்பித்துவிட்டேன். நிறுத்தப்பட்டவன் தன் கதையைச் சொல்லும்போதெல்லாம் இப்படித்தான் தொடங்குகிறான், வாசகரிடமும்கூட.

பாலத்துக்குக் கீழே இரண்டு போலீஸ்காரர்கள். எனக்கு முன்னால் போன காரை யாரும் மறிக்கவில்லை. எனக்கு லத்தி நீண்டது. "ஓரங்கட்டு." கட்டினேன். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருந்ததுதான் சிக்கல். பேப்பரில் குறை இருந்தால் ஃபைன் போட்டு அனுப்பியிருப்பார்கள். குறை இல்லாததால் பேச்சு வளர்ந்தது. "எங்கேருந்து வர்ற?" "இந்நேரத்துக்கு என்ன கூட்டம்?" "பையில என்ன?" "சொந்த ஊரு எது?" "ஊருல எந்தப் பக்கம்?"

கடைசிக் கேள்வி திசையைப் பற்றியது அல்ல என்பது கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்றேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டே கிடையாது. ஒரு புளியமரம் உண்டு. அதன் கீழே பஸ் நிற்கும். அங்கே இறங்கிக் காலனிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கணும்.

அப்புறம் அவர் கேட்காமலே சொன்னேன். "எம்.ஏ. தமிழ் சார். புத்தகம் பற்றிப் பேசுவதற்காக வந்திருந்தேன்." என் வாக்கியத்துக்கு எங்கிருந்தோ முழு உருவம் வந்துவிட்டது. 'வர்ற' என்றவர் 'போங்க தம்பி' என்றார்.

அதே ஓரத்தில் எனக்கு முன்பே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். 20 வயசு இருக்கும். கையிலும் சட்டையிலும் பெயிண்ட். வண்டிச் சாவி போலீஸ்காரர் கையில் இருந்தது. அவனிடமும் இதே கேள்விகள்தான். "வேலைக்குப் போய்ட்டு வர்றேன்" என்பதற்குமேல் அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் செல்போனைத் தூக்கி அவன் முகத்தைப் படம் எடுத்தார். நான் வண்டியைக் கிளப்பும்போதும் அவன் அங்கேயேதான் நின்றான். நான் எதுவும் கேட்கவில்லை.

2

கருத்தியல் அரசு எந்திரங்கள் பற்றிய 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் அல்தூஸர் ஒரு தெருக்காட்சியைச் சொல்கிறார். போலீஸ்காரர் ஒருவனைக் கூப்பிடுகிறார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவன் திரும்புகிறான். அந்தத் திரும்புதலில் அவன் தன்னிலையாகிறான். தமிழில் பலரும் எடுத்தாண்ட உதாரணம் இது. என் சங்கடம் என்னவென்றால், அல்தூஸரின் காட்சி அவன் திரும்பியதோடு முடிந்துவிடுகிறது. நம்முடைய ரோட்டில் திரும்பிய பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. நிறுத்தியவரிடம் காரணம் இல்லை. அதைத் தேடிக் கொடுக்கிற வேலை நிறுத்தப்பட்டவன் தலையில் விழுகிறது. அவன் பேசப்பேச, அவன் பேச்சிலிருந்தே காரணம் எடுக்கப்படுகிறது. 'காரணமே இல்லாமல் நிறுத்தினார்கள்' என்று நாம் புலம்புகிறோம். காரணம் இல்லாமை என்பது இங்கே குறைபாடு அல்ல. வேலை நடக்கிற விதமே அதுதான்.

இதற்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 109ஆம் பிரிவில் சில ஆட்களிடம் நன்னடத்தைக்குப் பிணை கேட்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்தது. அவர்களில் ஒரு வகை, கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு இல்லாதவர்களும், தங்களைப் பற்றித் திருப்தியான கணக்குக் கொடுக்க முடியாதவர்களும். குற்றம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. கணக்கு திருப்தியாக இல்லை என்பதே போதும். 1973இல் புதிய சட்டம் வந்தபோது இந்த வாசகம் எடுக்கப்பட்டது. குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒளிந்து நடமாடுகிறவர் என்ற பகுதி மட்டும் நின்றது. பிரிவின் எண் மாறவில்லை. 'சந்தேக கேஸ்' என்று ஊருக்கே தெரிந்த பெயரும் மாறவில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 128ஆம் பிரிவு. சரி, 1973இல் புத்தகத்திலிருந்து எடுத்த அந்த வாசகம் எங்கே போயிற்று? பாலத்துக்குக் கீழே நிற்கிறது. என்னிடம் கேட்டது அதைத்தான்: உன்னைப் பற்றித் திருப்தியான கணக்கு.

எஜமானர்களின் நாட்டிலும் இதன் பங்காளி ஒன்று இருந்தது. 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தைக் கொண்டு கறுப்பின இளைஞர்களை வெறும் சந்தேகத்தில் பிடித்தார்கள். 'சஸ்' சட்டம் என்று தெருவில் பெயர். 1981 ஏப்ரலில் லண்டனில் பிரிக்ஸ்டன் பற்றி எரிந்தது. அந்த வருஷமே அந்தப் பகுதி நீக்கப்பட்டது. 1984இல் வந்த சட்டம், நிறுத்திச் சோதனை போட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்றது. அதனால் அங்கே கறுப்பின இளைஞர்களை நிறுத்துவது ஓய்ந்துவிடவில்லை. ஆனால் யாரை, எத்தனை தடவை என்று எண்ணிக் காட்ட ஒரு காகிதம் கிடைத்தது.

நம்மிடம் கைதுக்குத்தான் காகிதம். அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு கைதுக்கான காரணத்தைச் சொல்லச் சொல்கிறது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கைதுக் குறிப்பும் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும் என்றது. ஓரங்கட்டுதல் கைது இல்லையே! 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவுப்படி சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்சைக் காட்ட வேண்டும். காட்டினேன். 'ஊருல எந்தப் பக்கம்' என்பது எந்தப் பிரிவில் வருகிறது? அந்தக் கேள்வி எந்தக் காகிதத்திலும் ஏறாது. ஏறாததாலேயே அதை யாரும் மறுக்க வேண்டியதும் இல்லை.

ஒரு காலத்தில் இதற்கும் காகிதம் இருந்தது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, முழுச் சாதிகளிடம் ரேகை வாங்கினார்கள். ஊரைத் தாண்டிப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்ததற்காகத்தான் 1920இல் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். 1952இல் அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது. 2021 முதல் தமிழ்நாட்டுப் போலீசிடம் முகத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருள் இருக்கிறது. அந்தப் பையனின் படம் அதற்குள் போயிற்றா, அந்தப் போனிலேயே கிடக்கிறதா? அவனிடம் யாரும் சொல்லவில்லை. கட்டைவிரலைக் கேட்டவர்களாவது கேட்டு வாங்கினார்கள்.

3

இதை நம் பிரதிகள் எப்படிக் கையாள்கின்றன?

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' 1983இல் குண்டூரில் அவரும் நண்பர்களும் அனுபவித்த சித்திரவதையிலிருந்து எழுதப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு வெற்றிமாறன் 2015இல் 'விசாரணை'யைச் செய்தார். அந்தப் படத்தின் ஆகச்சிறந்த இடமாக எனக்குப் படுவது அடி விழுகிற காட்சிகள் அல்ல. இரவுத் தெருவில் தனியாக வரும் அப்சலை நிறுத்திப் பெயர் கேட்கிறார்களே, அந்தச் சில நொடிகள்தான். பெயர் ஒரு சந்தேகம், பேசுகிற தமிழ் இன்னொரு சந்தேகம். அவன் எதுவும் செய்யாமலே, பதில் சொன்னதாலேயே, ஆள் தயாராகிவிடுகிறான்.

ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. அதற்குக் காரணம் வேண்டியிருக்கிறது. பெரிய இடத்தில் திருட்டு, கேஸை முடிக்க மேலிருந்து நெருக்கடி என்று ஒரு காரணம் வருகிறது. இரண்டாம் பாதியில் அரசியல், பணம், சாட்சிகளை ஒழிப்பது என்று காரணம் மேலும் பெருக்கிறது. படம் முடியும்போது நமக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. விளங்கிவிடுவதுதான் பிரச்சினை. மேலே உள்ளவர்கள் யோக்கியர்களாக இருந்தால் தெருவில் அப்சலை நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்ற ஆறுதலோடு தியேட்டரிலிருந்து வெளியே வருகிறோம்.

2021இல் வந்த ஞானவேலின் 'ஜெய் பீம்' இன்னும் கூர்மையாகத் தொடங்குகிறது. சிறைவாசலில் விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்கப்படுகிறது. சில சாதிகள் வீட்டுக்குப் போகின்றன. இருளர், குறவர் போன்றவர்களை ஓரமாக நிற்க வைக்கிறார்கள். முடியாத கேஸ்களுக்காகப் போலீஸ் அவர்களைப் பங்குபோட்டுக்கொள்கிறது. 'ஓரங்கட்டு' என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒரே சட்டகத்தில். இந்தக் காட்சிக்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் படம் நல்ல வக்கீல் ஒருவரைத் தேடிப் போகிறது. செய்யாத திருட்டை ராஜாக்கண்ணு செய்யவில்லை என்று நிரூபிப்பதில் நமது கண்ணீர் முழுக்கச் செலவாகிறது. நிஜத்தில் அப்படி ஒரு வழக்கும் போராட்டமும் நடந்தன, அவை பெரியவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. சிறைவாசலில் ஓரமாக நின்ற மற்றவர்களில் ஒருவன் உண்மையிலேயே எப்போதோ ஒரு கோழியைத் திருடியிருந்தால்? அவனுக்கு நம்மிடம் கதை இருக்கிறதா?

'அப்பாவிகளைப் பிடிக்காதே' என்று நாம் துண்டறிக்கை அடிக்கிறோம். அந்த 'அப்பாவி' என்ற சொல்லும் திருப்தியான கணக்கைத்தான் கேட்கிறது. போலீஸ்காரர் ரோட்டில் கேட்பதை நாம் கதையில் கேட்கிறோம். நம் புனைவில் நிறுத்தப்படுகிறவன் நல்லவனாக, உழைப்பாளியாக, குடிக்காதவனாக இருந்தாக வேண்டும். அப்புறம் அவன் சாகவும் வேண்டும். செத்தால்தான் கதை. ஐந்து நிமிஷம் நிறுத்தி, நாலு கேள்வி கேட்டு, அனுப்பிவிட்டால் அது கதையில்லை. ஆனால் தமிழ்நாட்டின் ராத்திரி ரோடுகளில் தினமும் நடப்பது இந்த ஐந்து நிமிஷம்தான். லாக்கப்புக்குப் போகிற பாதையும் இந்த ஐந்து நிமிஷத்தின் வழியாகத்தான் போகிறது.

4

இதையெல்லாம் நான் வெளியே நின்றுகொண்டு சொல்ல முடியாது. அன்றைக்கு நான் தப்பித்தது உண்மையைச் சொல்லி அல்ல. என் எம்.ஏ. தமிழ்தான் எனக்கு ராதாரிச் சீட்டு. எழுவாய் பயனிலையோடு ஒரு வாக்கியம் பேசி, இல்லாத பஸ் ஸ்டாண்டு ஒன்றைக் கட்டி, அதன் பக்கத்தில் குடிபோய்த் தப்பித்தேன். அந்தப் பையனிடம் அந்தத் தமிழ் இல்லை. அவனுக்குத் திருப்தியில்லாத கணக்கு என்று ஆவதற்கு, பக்கத்தில் நின்ற என் திருப்தியான கணக்கும் உதவியிருக்கும். எழுத்துமொழி அதிகாரத்தின் மொழி என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அன்றைக்கும் பேசிவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தேன்.

அதனால் எழுதுகிற தோழர்களிடம் கேட்பது இதுதான். அந்த ஐந்து நிமிஷத்தை எழுதுங்கள். யாரும் சாகாத, யாரும் அப்பாவி என்று நிரூபிக்கப்படாத, காரணம் கடைசிவரை வெளிப்படாத ஐந்து நிமிஷம். கேட்டவர் என்ன கேட்டார், நின்றவர் என்ன பொய் சொன்னார், யாருடைய வண்டி நிற்காமல் போயிற்று என்று எழுதுங்கள். சட்டம் வைக்க மறுத்த பதிவேடு அதுதான்.

அடுத்த தடவை லத்தி நீண்டால் "காலனி சார்" என்று சொல்வேனா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பையன் எப்போது வீடு போய்ச் சேர்ந்தான் என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.