வந்தனன்: இரண்டு விதமாகப் பிரியும் சொல்

வீரகேரளம்புதூர்ப் பக்கம் வீட்டுக்குப் பெரியவர் வந்தால், ‘அவிய வந்தாவ’ என்பார்கள். மூக்கில் அதிரும் ‘வந்’, வாய் அகலத் திறக்கும் ‘தா’, உதட்டைத் தொட்டு நழுவும் ‘வ’. யாப்பில் இது நேர் நேர் நேர், தேமாங்காய். இலக்கணம் படிக்காதவர் நாவிலும் அந்தத் தாளம் பிசகுவதில்லை.

இதே வினையைக் கரும்பலகையில் ‘வந்தனன்’ என்று எழுதிப் பிரிப்பதைப் பார்ப்பது தனிச் சுகம். வா + த் + த் + அன் + அன். பகுதியான ‘வா’, ‘வ’ எனக் குறுகியது. முதல் ‘த்’ சந்தி. அது ‘ந்’ ஆனது. ‘வா’ குறுகியதும் ‘த்’ திரிந்ததும் விகாரம். அடுத்த ‘த்’ இறந்தகாலம் காட்டும் இடைநிலை. முதல் ‘அன்’ சாரியை, கடைசி ‘அன்’ ஆண்பால் விகுதி. எவ்வளவு சிறிய சொல்லுக்குள் எத்தனை மூட்டுகள்! அசை பிரிக்கும்போதோ வெட்டு வேறிடத்தில் விழுகிறது: வந்/தனன், நேர் நிரை, கூவிளம். காலம் காட்டிய ‘த்’ அகரத்தோடு கலந்து ‘த’வுக்குள் ஒளிந்துகொள்கிறது.

இத்தாலிய மொழியிலும் இந்த இரட்டைப் பிரிப்பு உண்டு. பேசுதலின் வேர் ‘பார்ல்’. ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன். ‘பார்லாவோ’ என்றால் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் நாக்கு ‘பார்-லோ’ என்றே பிரிக்கும். வேரின் கடைசி மெய் அடுத்த அசைக்குப் போய்விடும்.

1680-இல் இத்தாலியில் பிறந்து, கோவில்பட்டி அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், தொன்னூல் விளக்கத்தில் சொல்லையும் யாப்பையும் சேர்த்தே விளக்கினார். நேரையும் நிரையையும் அவர் காது எவ்வளவு பொறுமையாகக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும்!