வைரஸ் புகுந்த வீட்டுக் கணினி: டிஃபெண்டர் ஒன்றே போதுமா?

பென் டிரைவைச் செருகினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் வீடுகளில் இது பழகிப்போன தொல்லை. தெரிந்தவரைக் கூப்பிட்டு ஃபார்மேட் அடிக்கச் சொல்வோம். இல்லையென்றால் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவோம். இந்த இரண்டும் இல்லாமல், விண்டோஸுடன் இலவசமாகவே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை வைத்தே கணினியை மீட்க முடியுமா? அக்கா வீட்டு விண்டோஸ் 11 கணினியில் சோதித்துப் பார்த்தேன். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறான்.

தொற்றின் முகம்

பென் டிரைவில் இருந்த பாடக்குறிப்பு ஃபோல்டரின் ஐகானில், இடது கீழ் மூலையில் சிறிய அம்புக்குறி தெரிந்தது. ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால், ‘டார்கெட்’ கட்டத்தில் விண்டோஸின் கட்டளை நிரலும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால்தான் ஃபோல்டரின் பெயர். டபுள் கிளிக் செய்ததும் முதலில் ஸ்கிரிப்ட் ஓடும். அடுத்த நொடியே, வைரஸ் மறைத்து வைத்த உண்மையான ஃபோல்டர் திறந்துவிடும். கேட்டது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே நிரலை ஓடவைக்க ‘ஆட்டோரன்’ வசதி உதவியது. 2008-இல் உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் அதையும் ஒரு வழியாக வைத்துக்கொண்டது. விண்டோஸ் 7 முதல் பென் டிரைவுகளுக்கு அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் இப்போது வைரஸ் ஓட நம்முடைய கிளிக் தேவைப்படுகிறது. அந்தக் கிளிக்கை வாங்கத்தான் இந்த ஷார்ட்கட் வேடம்.

குயிக் ஸ்கேன் ஏமாந்தது

டிஃபெண்டரை இயக்கும் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ செயலியைத் திறந்து குயிக் ஸ்கேன் ஓடவிட்டேன். எந்த ஆபத்தும் இல்லை என்றது. ஆனால் சுத்தமான வேறொரு பென் டிரைவைச் செருகிய சிறிது நேரத்தில் அதிலும் ஷார்ட்கட் முளைத்தது. காரணம் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலில் இருந்தது. ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று டிஃபெண்டருக்குச் சொல்லிவைக்கும் இடம் அது. வீட்டில் யாரும் சேர்க்காத ஒரு ஃபோல்டர் அதில் உட்கார்ந்திருந்தது. கிராக் செய்த கேமையோ மென்பொருளையோ நிறுவும்போது அட்மின் அனுமதி கேட்டு வரும் பெட்டியில் ‘யெஸ்’ அழுத்தினால், வைரஸ் தன் ஃபோல்டரை இந்தப் பட்டியலில் சேர்க்க அந்த ஒரு அனுமதியே போதும். வைரஸ் சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

ஆஃப்லைன் ஸ்கேன்: அசல் பலம்

பட்டியலைக் காலி செய்து, அப்டேட் முடித்து, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் கடைசியாக இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸுக்குள் போகாமல் மீட்புச் சூழலில் நின்று தேடுகிறது. சுமார் 15 நிமிட வேலை. விண்டோஸ் ஓடும்போது தேடினால் வைரஸும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். தன்னை மறைத்துக்கொள்ளும், அழித்த கோப்பைத் திரும்ப எழுதிவைக்கும். விண்டோஸே தொடங்காத நிலையில் அதற்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே ஸ்கிரிப்ட்டும் அதன் நகலும் சிக்கின. அதன்பின் செருகிய பென் டிரைவ் சுத்தமாகவே இருந்தது.

தொடங்கும் முன் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள்

முடிவை டிஃபெண்டர் தெளிவாகச் சொல்வதில்லை. ஸ்கேன் முடிந்து விண்டோஸ் வந்ததும் ‘ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் நாமே போய்ப் பார்க்க வேண்டும். இவ்வளவு பயனுள்ள வசதியைப் பட்டியலின் அடியில் வைத்திருப்பதும் சரியில்லை.

பென் டிரைவைத் தனியாக ரைட் கிளிக் செய்துதான் ஸ்கேன் செய்தேன். ஷார்ட்கட்டுகள் அழிந்தாலும், மறைந்த ஃபோல்டர்களை டிஃபெண்டர் வெளியே கொண்டுவரவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்ததும் அவை தெரிந்தன. உள்ளே இருந்தவற்றைப் புது ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்தேன். பாடக்குறிப்புகள் ஒன்றுகூடப் போகவில்லை.

திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று எட்டிப்பார்த்த அறிவிப்புகளையும் டிஃபெண்டர் தொடவில்லை. அவை வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளத்துக்கு பிரவுசரில் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. பிரவுசர் செட்டிங்ஸில் அதை நீக்கினால் நின்றுவிடும். அப்படி வரும் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் அது மோசடிதான். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது.

இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ்

வைரஸ் தேடும் இன்னொரு மென்பொருளான மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பையும் ஓட்டினேன். பிரவுசரில் ஒட்டியிருந்த ஒரு விளம்பர எக்ஸ்டென்ஷனைப் பிடித்தது. ஆனால் இலவசப் பதிப்பு தேடி அகற்றுமே தவிர, எந்நேரமும் காவல் காக்காது. காசு கட்டும்படி அடிக்கடி கேட்கும். ஒருமுறை ஓட்டிப் பார்க்க நல்ல கருவி.

சுத்தம் செய்த பின்

ஸ்கேனோடு வேலை முடியாது. ஜிமெயில், வங்கி, சமூக வலைத்தளப் பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான போனில் இருந்து மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தீர்ப்பு

வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டர் போதும்; இதற்கென்று தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள்: விண்டோஸ் அப்டேட் ஆகிக்கொண்டிருக்க வேண்டும், கிராக் மென்பொருள் கூடாது, முக்கியமான கோப்புகளின் நகல் கணினியில் செருகாத தனி டிஸ்கில் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டதால், அதில் இருப்பவர்கள் மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பூட்டிய கோப்புகளை டிஃபெண்டரால் திறந்து தர முடியாது. அதனால் முக்கியமான கோப்புகளின் நகலை இன்றே எடுத்து வையுங்கள்.