புரோட்டானை அளக்க இரண்டு வழிகள்

எலக்ட்ரானைப் புரோட்டான்மீது மோதவிட்டு, அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று எண்ணினால், புரோட்டானுக்குள் மின்னூட்டமும் காந்தத்தன்மையும் எப்படிப் பரவியுள்ளன என்று அறியலாம். 1950களில் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் இப்படித்தான் புரோட்டான் வெறும் புள்ளியல்ல, பருமனுள்ளது என்று காட்டினார். 1961இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

மின் பங்கையும் காந்தப் பங்கையும் பிரிப்பதற்கு 1950இல் மார்ஷல் ரோசன்புளூத் தந்த சூத்திரமே நெடுங்காலம் கைகொடுத்தது. எலக்ட்ரான் புரோட்டானுக்குக் கொடுக்கும் உந்தத்தை மாற்றாமல், கற்றையின் ஆற்றலையும் கோணத்தையும் மாற்றி அளப்பார்கள். இவ்வழியில் இரு பங்குகளும் ஏறக்குறைய ஒரே விதமாகக் குறைவதாகத் தெரிந்தது. ஆனால் உந்தம் கூடக்கூடக் காந்தப் பங்கே மேலோங்கும்; மின் பங்கு சில விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடும். சிறு பிழையும் முடிவைத் திருப்பிவிடும்.

சோவியத் அறிஞர்கள் அகியேசரும் ரெக்காலோவும் 1960களின் இறுதியில் வேறு வழி காட்டினர்: தற்சுழற்சித் திசை ஒழுங்குபட்ட, அதாவது முனைவாக்கம் பெற்ற, எலக்ட்ரான்களை மோதவிட்டு, அடிபட்ட புரோட்டானின் தற்சுழற்சியைப் பார்ப்பது. அதற்கு ஏற்ற கற்றை அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடத்தில் 1990களில்தான் கிடைத்தது. காலியம் ஆர்சனைடு படிகத்தில் வட்ட முனைவாக்கம் பெற்ற லேசர் ஒளி விழும்போது, ஒரே பக்கம் சுழலும் எலக்ட்ரான்கள் பெரும்பான்மையாக வெளிவரும். அவை திரவ ஹைட்ரஜனில் மோதுகின்றன. வெளியேறும் புரோட்டான் காந்தங்களைக் கடந்து கார்பன் கட்டியில் நுழைகிறது. அங்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் தெறிப்பதிலுள்ள ஏற்றத்தாழ்வே தற்சுழற்சியைச் சொல்லும். ஓடும் திசையிலேயே உள்ள சுழற்சியைக் கார்பன் உணராது. ஆனால் வழியிலுள்ள காந்தங்கள் அந்தச் சுழற்சியைத் திருப்பிவிடுவதால் அதையும் அளக்க முடிகிறது. ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் உள்ள இரு சுழற்சிக் கூறுகளின் விகிதத்திலிருந்தே மின்–காந்த விகிதம் கிடைக்கிறது. கற்றையின் முனைவாக்கமும் கார்பனின் திறனும் விகிதத்தில் நீங்கிவிடுவதால் பிழைக்கு இடம் குறைவு.

சார்லஸ் பெர்டிரிசா, வினா பஞ்சாபி, மார்க் ஜோன்ஸ் முன்னின்று நடத்திய இச்சோதனையின் முடிவு 2000இல் வெளியாகித் துறையையே அதிரவைத்தது. விகிதம் நிலையாக இல்லை. உந்தத்தோடு சீராக இறங்கியது. அடுத்த அளவீடு உந்தத்தின் வர்க்கம் 5.6 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வர்க்கத்தை எட்டியபோது தொடக்க மதிப்பில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே வந்தது. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளின் சுற்றுக் கோண உந்தத்தைக் கணக்கில் சேர்த்த மாதிரிகள் இந்த இறக்கத்தை விளக்க முன்வந்தன.

இரு வழிகளும் ஏன் முரண்படுகின்றன? மோதலில் ஒரு ஃபோட்டானுக்குப் பதில் இரண்டு பரிமாறப்படுவதை ரோசன்புளூத் முறை சரிவரக் கணக்கிடவில்லை என்று 2003இல் கோட்பாட்டாளர்கள் வாதிட்டனர். எலக்ட்ரானின் சிதறலையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானின் சிதறலையும் ஒப்பிட்டால் அந்த விளைவு நேரடியாகத் தெரியும். ஜெர்மனியின் ஒலிம்பஸ் உள்ளிட்ட சோதனைகள் அதைப் பார்த்தன. ஆனால் அவை எட்டியது ஏறத்தாழ 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வர்க்கம் வரையே. முரண்பாடு பெரிதாகும் இடம் அதற்கு மேலேதான் இருக்கிறது.

ஆகவே ஜெஃபர்சன் கூடத்தில் பாசிட்ரான் கற்றை அமைக்கும் திட்டம் நிறைவேறியாக வேண்டும். முனைவாக்க முறையின் முடிவை நான் நம்புகிறேன். எனினும் பழைய முறை எங்கே, எவ்வளவு தவறியது என்று சோதனையே சொல்லும்வரை புரோட்டானின் மின் வடிவம் முழுதாகத் தெரிந்துவிட்டதாகப் பாடநூல்கள் எழுதக் கூடாது.