முழு விசை இல்லாத புறப்பாடு

ஓடுபாதையில் பாயும் பயணிகள் விமானத்தின் எஞ்சின்கள் பெரும்பாலும் முழு விசையில் இயங்குவதில்லை. எடை குறைவு, ஓடுபாதை நீளம் என்றால் தேவையான அளவு உந்துவிசையே போதும். இதற்குப் பரவலான வழி, இருப்பதைவிடக் கூடுதலான வெப்பநிலையைக் கணினியில் உள்ளிடுவது. வெளியே 30 டிகிரி இருக்க 50 என்று கொடுத்தால், அந்த வெப்பத்தில் கிடைக்கக்கூடிய விசையே கிடைக்கும். இம்முறையில் ஓரளவுக்கு மேல் விசையைக் குறைக்க விதி இடம் தராது. நீர் தேங்கிய, பனி படிந்த ஓடுபாதைகளில் இதற்கு அனுமதியே இல்லை.

இதன் பெரிய ஆதாயம் எஞ்சினின் ஆயுள். டர்பைன் தகடுகள் வெப்பத்தால் நலிபவை. சூடு குறைந்தால் பராமரிப்புச் செலவும் பழுதாகும் வாய்ப்பும் குறையும். எரிபொருள் மிச்சமாகும் என்பது மட்டும் தவறான எண்ணம்: மெதுவாக ஏறுவதால் சற்றுக் கூடுதலாகவே செலவாகும். கணக்கிலேயே ஒரு காப்பும் உண்டு. உண்மையான காற்று கணக்கில் கொண்டதைவிடக் குளிர்ந்தது, அடர்ந்தது; ஆகவே விமானம் கணக்கிட்டதைவிடக் குறைந்த தூரத்திலேயே எழும்பிவிடும்.

ஆனால் இந்தக் காப்பு, உள்ளிட்ட எண்கள் சரியாக இருக்கும்வரைதான். 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் எமிரேட்ஸ் ஏ340 விமானத்தின் எடை 362.9 டன்னுக்குப் பதில் 262.9 டன் என்று பதிவானது. வால் தரையில் உரச, ஓடுபாதையைத் தாண்டித்தான் விமானம் எழுந்தது. முழு விசை கொடுத்திருந்தால் எடைப் பிழையின் பெரும்பகுதியை எஞ்சினே ஈடுகட்டியிருக்கும்.

‘நெம்புகோலைத் தள்ளினால் முழு விசை வந்துவிடுமே’ என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். மெல்பர்னில் விமானி தள்ளினார். அதற்குள் ஓடுபாதை முடியும் தறுவாயில் இருந்தது. 2017இல் பெல்ஃபாஸ்டில் ஒரு போயிங் 737இல் வெளி வெப்பநிலை மைனஸ் 52 என்று உள்ளிடப்பட்டது. அவ்வளவு குளிர்ந்த, அடர்ந்த காற்றில் எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலே போதும் என்று கணினி கணக்கிட்டதால் விசை வெகுவாகக் குறைந்து, விமானம் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த விளக்கை உரசிச் சென்றது. விமானிகள் விசையைக் கூட்டியது சில கிலோமீட்டர் கடந்த பிறகே. விசை ஒவ்வொரு புறப்பாட்டிலும் மாறுவதால், எந்த வேக வளர்ச்சி இயல்பானது என்ற உணர்வு விமானிக்குப் பழகுவதே இல்லை.

இம்முறையைக் கைவிடத் தேவையில்லை. எஞ்சினை அது காப்பது உண்மை. ஆனால் உள்ளிட்ட எண்ணை உண்மையான வேக வளர்ச்சியோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் கருவியும் விமானத்தில் இருக்க வேண்டும். பெல்ஃபாஸ்ட் நிகழ்வை விசாரித்த பிரிட்டிஷ் அமைப்பும் அத்தகைய கருவியைப் பரிந்துரைத்தது. எஞ்சினில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அதற்குச் செலவிடுவதே நியாயம்.