பசித்த பொம்மையின் இசை

இத்தாலிய ஜாஸ் என்றதும் ஒரு பாராட்டு தவறாமல் வந்துவிடும்: மெட்டைக் கைவிடாத ஜாஸ். எனக்கு அந்தப் பாராட்டின் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஓபரா பிறந்த மண், எல்லார் தொண்டையிலும் பாட்டு இருக்கிறது என்கிற வாதம் ரொம்பச் சுலபமானது. அந்தச் சுலபத்தில் விழுந்து, பாகில் சிக்கிய எறும்பு போலக் கால் ஒட்டிக் கிடக்கும் ஆல்பங்கள் ஏராளம். மெதுவான டிரம்பெட், நிறைய எதிரொலி, நடுநடுவே மௌனம். பத்தாவது நிமிடம் கொட்டாவி. என்ரிகோ ராவா அந்த மௌனத்துக்குள் ஒரு முள்ளை ஒளித்து வைத்திருப்பார். அவர் வழியில் வருகிறவர்கள் பலர் முள்ளை விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் புகாரோடு இருந்த என்னை மாற்றியது, 2000இல் இ.சி.எம். வெளியிட்ட ‘இன் செர்கா தி சீபோ’. உணவைத் தேடி என்று அர்த்தம். பெர்கமோ பக்கத்து ஜான்லூய்ஜி த்ரோவேசி கிளாரினெட், அலெஸ்ஸாண்ட்ரியாக்காரர் ஜான்னி கோஷா அக்கார்டியன். அவ்வளவுதான், டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. தாளத்தை அக்கார்டியனின் துருத்திதான் மூச்சு வாங்கி வாங்கித் தர வேண்டும். கோஷா வழக்கறிஞராக வேலை பார்த்தவர். அதே ஊரில் பிறந்த உம்பெர்த்தோ எக்கோவின் பால்ய நண்பர். ஆல்பத்துக்கு முன்னுரை எழுதியதும் எக்கோதான்.

தலைப்பு பினோக்கியோவின் பசியிலிருந்து வருகிறது. 1972இல் லூய்ஜி கொமென்சீனி எடுத்த தொலைக்காட்சித் தொடருக்கு ஃபியோரென்சோ கார்பி போட்ட இசையை இருவரும் இதில் எடுத்தாள்கிறார்கள். இத்தாலியில் ஒரு தலைமுறைக்கே அத்துப்படியான மெட்டுகள். ஆபத்தும் அங்கேதான். தெரிந்த பாட்டை வாசித்தால் கைதட்டல் நிச்சயம், அதற்கு ஜாஸ் எதற்கு? இவர்கள் அந்தக் கைதட்டலுக்குக் காத்திருப்பதில்லை. மெட்டை ஒருதரம் முழுசாகக் காட்டுகிறார்கள், பிறகு கிளாரினெட் அதைக் கிண்டல் செய்யத் தொடங்குகிறது. பாசம் இருப்பவர்கள்தான் அப்படிக் கிண்டல் செய்ய முடியும்.

இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு மஸூர்க்கா. பார்மா நகரத்துப் பார்வையற்ற வயலின்காரர் அவுகுஸ்தோ மிலியவாக்கா 19ஆம் நூற்றாண்டில் எழுதிய மஸூர்க்கா, வடக்கு இத்தாலியின் நடனக் கூடங்களில் அக்கார்டியன்காரர்களின் கைத்திறனுக்குப் பரீட்சை மாதிரி. அதன் பெயரில் ‘வரியாத்தா’ என்று ஒரு சொல் வரும், மாற்றங்களோடு கூடியது என்று பொருள். இவர்கள் அதை ‘அல்தெராத்தா’ ஆக்கிவிட்டார்கள். ஜாஸ்காரர்கள் கார்டுகளைத் திருகி வைப்பதற்கும் அதே சொல்தான். பொருளில் கைவைத்துக் கெடுத்தாலும் அதே சொல்தான். மரபை என்ன செய்கிறோம் என்பதற்கு இவர்கள் தந்த விளக்கம் இந்த ஒரு சொல். ஆய்வுக்கட்டுரை எழுதவில்லை, நல்ல வேளை.

2008இன் ‘ப்ரோஃபூமோ தி வியொலெத்தா’ வேறு அளவு. அதில் த்ரோவேசிக்குப் பின்னால் ஒரு முழு ஊதுவாத்தியக் குழு. ஓபரா அரங்கின் டிக்கெட் வாங்க வழியில்லாத ஊர்களுக்கு வெர்தியைக் கொண்டுபோனது இந்த மாதிரி ஊர் பாண்டுகள்தாம். யோசனை அருமை. ஆனால் மொந்தெவெர்தியிலிருந்து புச்சினிவரை ஓடுகிற ஓட்டத்தில் சில இடங்கள் ஊர்வலம் கடந்துபோவது போல ஆகிவிடுகின்றன.

எக்கோ 2016இல் இறந்தார். 2019இல் இந்த இருவரும் அவருடைய ‘ராணி லோவானா’ நாவலை வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அந்த நாவலில் சொந்த நினைவை இழந்த ஒருவர், பால்யத்தில் வாசித்த படக்கதைகளையும் கேட்ட பாட்டுகளையும் கிளறித் தன்னைத் தேடுகிறார். அந்தப் பால்யம் முசோலினியின் காலம். ரேடியோவில் காதல் பாட்டும் கட்சிப் பாட்டும் ஒரே இனிமையோடு வரும். செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் கூட ‘சான் லூய்ஜியின் துயரங்கள்’ என்று மாறுவேடம் போட்டுத்தான் உயிர்பிழைத்தது. அப்படியென்றால் இத்தாலிய மெட்டு ஒன்றும் அறியாத குழந்தை அல்ல. அது சர்வாதிகாரிக்கும் தாலாட்டுப் பாடியிருக்கிறது. அதைத் தெரிந்தே வாசிக்கும்போது என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆல்பத்தில் எனக்கிருந்த எதிர்பார்ப்பு. பாதி நிறைவேறியது. நண்பனுக்கான அஞ்சலி என்பதால் விரல்கள் பல இடங்களில் மென்மையாகிவிடுகின்றன, பழைய அந்தக் கிண்டல் குறைகிறது. துக்கத்தில் இருப்பவர்களிடம் அதைக் கேட்பது நியாயமா என்றும் தெரியவில்லை.

புதிதாகக் கேட்கிறவர்கள் மஸூர்க்காவில் தொடங்கலாம். பினோக்கியோ அப்புறம். ராணி லோவானாவைத் தொடும் முன் நாவலை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.