கட்டில் கணக்கில் வராத பிள்ளை

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய முடிந்துபோன கதை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன. தென்காசி வட்டாரத்திலும் பிறந்த பிள்ளை இன்று நர்ஸின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு பிரசவ அறையில் உறுதியாக இருக்கிறது. வார்டுக்கு வந்ததும் தளர்ந்துவிடுகிறது.

பிரசவ அறை நடைமுறையில் குறை சொல்ல அதிகமில்லை. பிள்ளையைத் துடைத்து, ஈரத்துணியை மாற்றித் தாயின் வெறும் மார்பில் கிடத்த வேண்டும். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 1 மில்லிகிராம் வைட்டமின் கே, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி. இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி வேண்டாம். பழகிய கை வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைக்கென்றே ஒருவர் நிற்க வேண்டும். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு நாடு முழுவதும் 20, தமிழ்நாட்டில் 9. அதில் இந்த ஒழுங்குக்கும் பங்குண்டு.

வார்டில் கட்டிலுக்குத்தான் கணக்கு. தாயும் பிள்ளையும் ஒரே கட்டில், ஆகவே ஒரே ஆள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று, நான்கு பிள்ளைக்கு ஒரு நர்ஸ் என்று விதி உண்டு. நல்லபடியாகப் பிறந்த பிள்ளைக்கு அப்படி யாருமில்லை. ரத்தப்போக்கு, தையல், பி.பி. என்று தாயைப் பார்க்கவே ஷிப்ட் ஓடிவிடும். பிள்ளை ஆச்சியிடம். அதிலும் சிசேரியன் என்றால் (அதே கணக்கெடுப்பில் 44.9 சதவீதம்) தாய் மயக்கம் தெளியுமுன் சேனை வைக்க ஆள் தயாராக நிற்கும். சீனித்தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது இங்கே சின்ன ஆசையல்ல. அதட்டினால் நர்ஸ் திரும்பிய நேரம் பார்த்து வைத்துவிடுவார்கள். சீம்பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்த பாலாடையில் எடுத்து, ‘நீங்களே கொடுங்க ஆச்சி’ என்று அவர் கையிலேயே தருகிற நர்ஸ்தான் கெட்டிக்காரி. எந்த வழிகாட்டு ஏட்டிலும் இந்தச் சாமர்த்தியத்துக்கு இடமில்லை.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சீசன். ஊருக்கு அது கொண்டாட்டம். பிறந்த பிள்ளைக்கு அல்ல. கணவாய் வழியாக வீசும் ஈரக்காற்றில் துணி காயாது. பிள்ளையின் உடல்சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பால் குடிப்பது குறையும், ரத்தச் சர்க்கரை இறங்கும். காய்ச்சலுக்குப் பதறுகிற வீடு குளிர்ந்த பாதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மார்போடு அணைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவில் தொடங்கியது. எடை குறைந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே அப்படி அணைத்து வைத்தால் இறப்பு கால்வாசி குறைகிறது என்று இந்தியாவும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2021-இல் காட்டியது. சாரல் காலத்தில் அந்தச் சூடு எடையுள்ள பிள்ளைக்கும் தேவை. முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடும் விதியை இந்த மாதங்களில் இன்னும் கறாராகப் பிடிக்கலாம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வீட்டுக்கு அனுப்பும் நேரம். சுகப்பிரசவம் என்றால் 48 மணி நேரத்தில் டிஸ்சார்ஜ். காமாலை உச்சத்துக்கு ஏறுவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அந்த நேரத்தில் பிள்ளை அம்மா வீட்டில் இருக்கும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வீடு தேடி வந்து பார்க்கத் திட்டம் இருக்கிறது. ஆனால் பதிவு புகுந்த வீட்டு ஊரில், பிள்ளை பாவூர்சத்திரத்தில் என்றால் எந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் போய்ப் பார்ப்பது? ‘காலை வெயில் காட்டுங்க’ என்று சொல்லி அனுப்புவது எப்போதுமே போதாத வைத்தியம். சாரல் காலத்தில் அந்த வெயிலும் கிடையாது. முற்றிவிட்டால் மருத்துவக் கல்லூரி இருக்கும் திருநெல்வேலிக்குத் தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பிள்ளை போகும் வீட்டின் ஊரையும், அந்த ஊர்ச் செவிலியரின் போன் எண்ணையும் எழுதலாம். உள்ளங்கால் மஞ்சளானால் அன்றே வர வேண்டும் என்று தாயிடம் மட்டுமல்ல, ஆச்சியிடமும் சொல்லலாம். பீடி சுற்றும் வீடென்றால் தூள் படாத இடத்தில் தொட்டில் கட்டச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தையும் தாய்க்கான மாத்திரை விளக்கம் எடுத்துக்கொள்கிறது.